சூடு தாங்காத கல்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் ராஜகிரியின் உச்சி வரையில் ஏறி, கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். சிறிது அவகாசம் உள்ளவர்கள் சமீபத்திலுள்ள மேல்சித்தாமூருக்கும் ஒருநடை போய்வர வேண்டும். தமிழ்நாட்டு ஜைனர்களின் மடம் இருக்கும் ஊர் அது. பார்சுவநாதர் ஆலயம் அங்கே இருக்கிறது. மலைநாதர் கோயிலிலோ, இயற்கையாகக் கிடந்த பெரும் பாறையிலேயே தீர்த்தங்கரர்களின் திருவுருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாறையின் முன் நான் நின்றுகொண்டிருந்தபோது அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பேச்சு மெல்ல ஜைன சமயத்தின் உயிர்க் கொள்கையை நோக்கித் திரும்பியது.

"மண்ணுக்கும் கல்லுக்குங்கூட உயிர் உண்டு, தம்பி. தொடுவுணர்ச்சி ஒன்றே உள்ள ஜீவன்கள் அவை. பிருதிவி காய ஜீவன்கள் என்று பெயர். எங்கள் நூல்களில் அவற்றைப் பட்டியல் போட்டே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் கழுத்திலே போட்டுக்கொள்கிறார்களே பவளம், அதுவும் அந்தப் பட்டியலிலே இருக்கிறது" என்றார்.

"பவளம் கல்தானே, ஐயா?" என்று கேட்டேன்.

"கல்தான். ஆனால் உயிருள்ள கல்."

மலைப்பாறைக்கும் மண்ணாங்கட்டிக்கும் உயிர் உண்டென்று சொன்னால் இன்றைய விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பவளத்தைப் பற்றிய வரையில் அந்தப் பெரியவர் சொன்னதற்கு அவர்கள் மறுப்புச் சொல்வதற்கில்லை.

செஞ்சியின் பாறைகள் பூமியின் ஆழத்தில் நெருப்புக் குழம்பாகக் கிடந்து, மெல்ல மெல்ல ஆறி இறுகியவை. அவற்றின் வயது 200 கோடி வருஷங்களுக்கு மேல். அக்கினி நட்சத்திரத்து வெயிலில் கால் வைக்க முடியாதபடி காய்ந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. சூட்டிலே பிறந்த கல் சூட்டுக்கு அஞ்சுமா? கடலில் வளரும் பவளக் கல்லின் கதை இதற்கு நேர்மாறானது. கடல் நீர் தன் வழக்கமான கோடை உஷ்ணத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி ஏறி, நாலைந்து வாரம் அப்படியே நின்றால் போதும், அது நோய்ப்படுகிறது. இன்னும் சில வாரம் நீடித்தால் மாண்டு போகிறது. நம் தமிழ்நாட்டுக் கடலிலேயே இந்தக் காலத்தில் இது பலமுறை நடந்துவிட்டது. ஆகையால் இது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கல்லா, செடியா, பிராணியா?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். நகைக்கடையில் முத்தோடு சேர்த்துக் கோக்கும் செம்பவளம் வேறு. பாறையாக வளரும் பவளம் வேறு. செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் குளிர்ந்த ஆழத்தில் உண்டாவது. சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே யவன வியாபாரிகள் அதை முசிறித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாறைப் பவளமோ ஆழமில்லாத, வெதுவெதுப்பான, வெளிச்சம் புகும் நீரில் மட்டுமே வளரும். இலங்கைத் தமிழர்கள் இதை முருகைக்கல் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லின் அழகை நாமும் மறக்கலாகாது.

இந்தக் கல் உண்மையில் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தது என்பது ஐரோப்பாவிலும் நெடுநாள் தீராத வழக்காக இருந்தது. செடி என்றே அநேகர் நம்பினார்கள். 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்சேல்ஸ் நகரத்து வைத்தியரான பெய்சோனெல் என்பவர், பவளத்தில் பூ என்று எல்லோரும் எண்ணியது பூ அல்ல, உயிருள்ள சிறு பிராணி என்று கண்டு எழுதினார். பாரிஸ் பண்டிதர்கள் அதை நம்பவில்லை. அவர் கட்டுரையைச் சபையில் எடுத்துச் சொன்ன ரோமர் என்ற பெரிய விஞ்ஞானி, எழுதியவருக்கு அவமானம் நேரக்கூடாதே என்று அவர் பெயரையே சொல்லாமல் விட்டுவிட்டாராம்! பெய்சோனெல் சொன்னதே சரி என்று பின்னால் உலகம் ஒப்புக்கொண்டது.

பவளப் பிராணி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் பருமனே உள்ளது. ஒரு சிறு பை. அதன் வாயைச் சுற்றிலும் விரல்கள். அவ்வளவுதான் அதன் சரீரம். இரவில் விரல்களை விரித்து, நீரில் மிதந்து வரும் நுண்ணிய ஜந்துக்களைக் கொட்டிப் பிடித்துத் தின்னும். கடல் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன் அடியில் ஒரு கிண்ணம்போலக் கட்டிக்கொண்டு அதன் மேல் உட்காரும். அது கிளைத்துப் பெருகப் பெருகக் கிண்ணத்தின் மேல் கிண்ணமாகச் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே போகும். மேலே தோல் போல மெல்லிய உயிர். கீழே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கல். உலகக் கடல்களின் அடித்தளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பவளத் திட்டுகளை நம்பி, கடல்வாழ் ஜீவராசிகளின் இனங்களில் ஏறக்குறையக் கால் பங்கு பிழைக்கின்றன.

ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்

பவளத்தைச் செடி என்று நம்பியவர்களும் முழுக்க ஏமாந்துவிடவில்லை. பாறைப் பவளப் பிராணியின் தசைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. பிராணி கழிக்கும் உப்புச் சத்துக்களையும் கரியமில வாயுவையும் அந்தப் பாசி எடுத்துக்கொள்கிறது. சூரிய வெளிச்சத்தின் உதவியால் சர்க்கரையும் கொழுப்பும் தயார் செய்து, அதில் பெரும் பகுதியைக் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பல பவளங்களுக்கு வேண்டிய ஆகாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் இப்படியே கிடைக்கிறது. சுண்ணாம்பைக் கட்டுவதற்கு வேண்டிய பலமும் இதிலிருந்தே வருகிறது. பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசியினால் உண்டாகும் வர்ணங்கள்.

கல், செடி, பிராணி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடிய இந்தக் குடும்பத்துக்கு நீரின் உஷ்ணமே பிரதானம். அந்த உஷ்ணம் இறங்கினாலும் கெடுதல், ஏறினாலும் கெடுதல்.

குளிரின் எல்லை

பவளத் திட்டுகள் எப்படி உண்டாகின்றன என்பதைப் பற்றி சார்லஸ் டார்வின் 1842-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்கக் கப்பற்படையின் ஆராய்ச்சி யாத்திரையில் சென்ற ஜேம்ஸ் டேனா என்பவர், உலகப் படத்தில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். வருஷத்தின் மிகக் குளிர்ந்த காலத்திலும் நீரின் உஷ்ணம் 68 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 டிகிரி சென்டிகிரேடுக்கு, கீழே இறங்காத கடல்களில் மட்டுமே பவளத் திட்டுகள் உண்டு என்றார். இன்றைய ஆராய்ச்சியாளர் இந்த எல்லையை 18 டிகிரி என்று சற்றுத் தளர்த்தியிருக்கிறார்களே தவிர, டேனாவின் கோடு பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பூமத்திய ரேகைக்குச் சமீபத்தில்கூடப் பெரிய பவளத் திட்டுகள் காணப்படாததற்கு, தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமே முக்கிய காரணம். வெயில் எவ்வளவு அடித்தால் என்ன? பவளம் வானத்து வெயிலைப் பார்ப்பதில்லை. தான் மூழ்கியிருக்கும் நீரின் சூட்டைத்தான் பார்க்கிறது.

குளிர் எல்லையிலிருந்து மேலே ஏற ஏற வளர்ச்சி அதிகமாகிறது. உருண்டைப் பாறைபோல் வளரும் ஒருவகைப் பவளத்தின் குறுக்கு வெட்டில், மரத்தின் வைரத்தில் காண்பதுபோல வருஷத்துக்கு ஒரு வரை தெரியும். அந்த வரைகளை ஆஸ்திரேலியாவின் பெருந்திட்டில் அளந்து பார்த்தார்கள். நீரின் சராசரி உஷ்ணம் ஒரு டிகிரி கூடிய இடங்களில் அந்தப் பவளம் வருஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தது. இந்த உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதை நினைத்தால், 3 மில்லிமீட்டர் அற்பமல்ல என்று விளங்கும். மான்கொம்புபோல் கிளைவிடும் ஜாதிகள் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வளர்வதுண்டு.

சூட்டின் எல்லை

அப்படியானால், சூடு ஏற ஏறப் பவளத்துக்கு நல்லதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். அடுப்பில் வைத்த பால் பொங்குவதைப் பார்த்திருக்கிறோம். பொங்கும் மட்டும் பார்க்க அழகாயிருக்கிறது. விளிம்பைத் தாண்டினால் அடுப்பும் அவிந்து பாலும் வீணாகிறது. பவளத்தின் வளர்ச்சியும் அத்தகையதே. பொதுவாக 23 முதல் 29 டிகிரி வரையில் அது செழிக்கிறது. அதன் மிக நல்ல வளர்ச்சிக்குரிய உஷ்ணத்துக்கும் அதைக் கொல்லும் உஷ்ணத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில டிகிரிகளே.

இதை முதன்முதலில் பரிசோதித்து அளந்தவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி ஆல்பிரட் மேயர். 1914-ம் வருஷத்தை ஒட்டி, புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் பவளங்களைத் தொட்டி நீரில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார். உஷ்ண பிரதேசத்துக் கடற்பிராணிகள் சூட்டுக்குப் பழகியவையாதலால் மேலும் சூட்டைத் தாங்கும் என்று எண்ணுவது தவறு என்றும், அவை தங்கள் மரண எல்லைக்கு மிக அருகிலேயே குடியிருக்கின்றன என்றும் கண்டார். பிறகு 1928, 1929-ம் வருஷங்களில் ஆஸ்திரேலியப் பெருந்திட்டில் ஆராய்ச்சி நடத்திய யாங் என்பவரும் அவருடைய சகாக்களும், நீர் சூடேறினால் பவளப் பிராணி தன் உடலிலுள்ள பாசியை வெளியே தள்ளிவிடுகிறது என்பதைக் கவனித்தார்கள். கூடிக் குடித்தனம் செய்தவர்கள் பிரிந்துவிடுகிறார்கள்!

பிரிவுக்குக் காரணம் இதுதான். அளவு மீறிய சூட்டில், அதுவும் வெயில் உக்கிரமாயிருக்கும்போது, பாசி ஆகாரம் தயாரிக்கும் யந்திரம் பழுதடைகிறது. நன்மை செய்ய வேண்டிய பிராண வாயுவே உருமாறித் தசையை அரிக்கும் விஷமாகிறது. வேறு வழியில்லாமல் பிராணி பாசியை வெளியேற்றுகிறது. பாசி போனதும் வர்ணமும் போய்விடுகிறது. கண்ணாடிபோன்ற தசையின் வழியாக அடியிலுள்ள சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று தெரிகிறது. இதற்குத்தான் பவளம் வெளுத்தல் என்று பெயர்.

வெளுத்த பவளம் இன்னும் சாகவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அது பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும், வர்ணம் திரும்பும். குளிராவிட்டால் பட்டினியாலும் நோயாலும் மாண்டுபோகும். அதன் கல்லின் மேல் வேறு முரட்டுப் பாசிகள் படர்ந்துவிடும்.

வீட்டிலே குழந்தைக்குச் சுரம் வந்தால் தாய்மார்கள் இரண்டு விஷயம் கவனிப்பார்கள்: சூடு எவ்வளவு, எத்தனை நாளாக இருக்கிறது? நம் உடலின் இயல்பான உஷ்ணம் 98.6 டிகிரி பாரன்ஹீட். அது 100-ஐத் தாண்டினால் கவலை. 104 ஆனால் திகில். பவளத்துக்கும் அதே கணக்குத்தான். விஞ்ஞானிகள் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறிற்று, எத்தனை வாரம் நின்றது என்ற இரண்டையும் பெருக்கிக் கணக்குப் பண்ணுகிறார்கள். ஒரு டிகிரி அதிகமாய் நான்கு வாரம் நின்றால் அளவு 4. அப்போது வெளுப்பு ஆரம்பிக்கிறது. அளவு 8 ஆனால் பெருஞ்சாவு எதிர்பார்க்கலாம். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைச் சந்திரர்கள் கடலின் சூட்டை அன்றாடம் அளந்து தெரிவிப்பதால், இந்தக் கணக்கை இன்று உலகம் முழுவதற்கும் போட முடிகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாக் கடலிலும் ஒரே எல்லை அல்ல. பாரசீக வளைகுடாவின் பவளங்கள் கோடையில் 34 டிகிரிக்கு மேற்பட்ட நீரையும் தாங்குகின்றன. ஹவாய்த் தீவின் பவளங்களோ, பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள பவளங்கள் சுகமாக வாழும் சூட்டிலேயே செத்துப்போகின்றன. ஒவ்வொன்றும் தன் ஊர்க் கோடைக்குப் பழகியிருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் எண்ணற்ற தலைமுறைகளில் வந்தது. இன்று கடல் சூடாகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்குமா என்பதே உலகப் பவளத் திட்டுகளுக்கு முன் உள்ள கேள்வி.

நம் கடலின் பவளத் தோட்டம்

மேல்சித்தாமூருக்குச் சமீபத்திலுள்ள கடல் மரக்காணத்துக் கடல். அங்கே நீரின் சூடு பவளத்துக்குப் போதுமானதுதான். ஆனால் கடலடியில் மணலும் சேறுமாயிருக்கிறது. பவளம் பற்றிக்கொள்ள உறுதியான இடம் இல்லை. தமிழ்நாட்டில் பவளத் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் போக வேண்டும்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே, கரைக்கு இணையாக, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்தன. குருசடை, முயல் தீவு, மனோலி, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, கரியசல்லி, வான் தீவு என்று அவற்றின் பெயர்களே படிக்க இனிமையாயிருக்கின்றன. உடைந்த சிறு கற்களைச் சல்லி என்று சொல்வது நம் வழக்கம். பவளச் சில்லுகளும் மணலும் சேர்ந்து மேடிட்ட தீவுகள் சிலவற்றின் பெயரில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீவுகளைச் சுற்றிலும் ஆழமில்லாத நீரில் பவளத் திட்டுகள் இருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்களை இங்கே எண்ணியிருக்கிறார்கள்.

இந்தத் தோட்டத்தின் பெருமையை அறிஞர்கள் நெடுநாளாக அறிவார்கள். சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு வந்து ஆராய்ந்தார். அதே சாலையினர் 1927-ல் குருசடைத் தீவின் கடற்பிராணிகளைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார்கள். தேசம் சுதந்திரம் அடைந்த 1947-ம் வருஷத்திலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமாயிற்று. அங்கே பணியாற்றிய டாக்டர் ஸி. எஸ். கோபிநாத பிள்ளை, நம் நாட்டுப் பவளங்களை இனம் பிரித்து எழுதிய ஆராய்ச்சிகள் இன்றும் அஸ்திவாரமாக விளங்குகின்றன. 1986-ல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்த போதே மற்றொரு காரியமும் நடந்தது. பல வருஷ காலம் வள்ளம் வள்ளமாகப் பவளக் கல்லை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோனார்கள். பல தலைமுறையாக வளர்ந்த கல், காளவாயில் ஒரே நாளில் நீறாயிற்று. அலையைத் தடுத்து நின்ற திட்டு போனதால் தீவுகளின் மணலும் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. 2001-ல் பவளங்களைப் புலிக்கும் யானைக்கும் சமமாகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பாதுகாத்தார்கள். 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவர்களே திட்டின் அருமையை உணர்ந்து, கல் வெட்டுவது 2005-ம் வருஷத்தோடு நின்றது.

வெட்டுவது நின்றால் பவளம் தழைக்கும் அல்லவா? தழைக்கத்தான் ஆரம்பித்தது. அப்போதுதான் சூடு குறுக்கிட்டது.

வெளுத்த கோடைகள்

மன்னார் வளைகுடாவில் மார்கழி, தை மாதங்களில் நீர் இதமாயிருக்கும். பங்குனிக்கு மேல் சூரியன் தலைக்கு நேரே வருகிறான். காற்று ஓய்ந்து, கடல் கண்ணாடிபோலக் கிடக்கிறது. வெயில் நேராக அடிவரை இறங்குகிறது. ஆழமில்லாத நீர் சுலபமாகக் காய்கிறது. நீரின் உஷ்ணம் 30 டிகிரியைத் தாண்டினதும் பவளம் வெளிறத் தொடங்குகிறது. பிறகு தென்மேற்குப் பருவம் பிறக்கிறது. கச்சான் காற்று வீசிக் கடலைக் கலக்குகிறது, மேகம் வெயிலை மறைக்கிறது, நீர் குளிர்கிறது, பவளம் பிழைத்துக்கொள்கிறது. சித்திரைக்கும் ஆனிக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் போராட்டத்தைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005 முதல் கோடைதோறும் நீருக்குள் மூழ்கிப் பார்த்து எழுதி வருகிறார்கள்.

சில வருஷங்களில் போராட்டம் பவளத்துக்குச் சாதகமாக முடிவதில்லை. பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ என்னும் சூடான நிலை தோன்றும் வருஷங்களில் நம் கடலும் அதிகமாகக் காய்வதுண்டு. 1998-ல் உலகமெங்கும் பவளங்கள் வெளுத்து, உலகத்துத் திட்டுகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அழிந்தது. மன்னார் வளைகுடாவும் லக்ஷத்தீவும் அதற்குத் தப்பவில்லை. 2002-ல் பாக் விரிகுடாவில் வெளுப்புக் கண்டது. 2010-ல் மறுபடியும் பெருஞ்சேதம்.

2016-ம் வருஷத்துக் கோடை எல்லாவற்றையும்விடக் கொடியது. அதற்கு முன் மன்னார் வளைகுடாத் திட்டுகளின் பரப்பில் உயிருள்ள பவளம் நூற்றுக்கு 38.9 பங்கு இருந்தது. கோடை முடிந்து மறுபடி அளந்தபோது 22.7 பங்கே எஞ்சியிருந்தது. பதினாறு பங்குக்கு மேல் ஒரே கோடையில் பறிபோயிற்று! அதிலும் விசேஷமாக மாண்டவை, மான்கொம்புபோலக் கிளைவிட்டு வேகமாக வளரும் ஜாதிகள். நிதானமாக வளரும் உருண்டைப் பவளங்கள் அதிகமாகத் தாங்கின. வேகமாக வளர்கிறவை மறுபடி விரைவில் வளர்ந்துவிடும் என்ற ஆறுதல் உண்டு. ஆனால் அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் சூடில்லாத கோடைகளாக வாய்க்க வேண்டும். 2010-க்கும் 2016-க்கும் நடுவே எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்த்தால் கவலையின் அளவு தெரியும். 2024 ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த வருஷம் லக்ஷத்தீவில் பவளங்கள் கடுமையாக வெளுத்தன.

யார் தின்ற உப்பு?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது நம் பழமொழி. இங்கே உப்பைத் தின்றவன் ஒருவன், தவிப்பவன் மற்றொருவன். இரண்டு நூற்றாண்டுகளாக யந்திர நாடுகள் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் ஆகாயத்தில் கரியமில வாயுவைச் சேர்த்துவிட்டன. முன்னே பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, இன்று 420-க்கு மேல் போய்விட்டது. அதனால் தேங்கும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே விழுங்குகிறது. பூமியின் சராசரிச் சூடு 1.5 டிகிரி ஏறினால் உலகத்துப் பவளத் திட்டுகளில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு குன்றும் என்றும், 2 டிகிரி ஏறினால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது என்றும் 2018-ல் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடி எச்சரித்தார்கள்.

பாம்பன் கரையில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்ணும், வேம்பாற்றில் வள்ளம் விடும் மீனவரும் இந்தச் சூட்டுக்கு எவ்வளவு காரணம்? அற்பத்திலும் அற்பம். ஆனால் திட்டு போனால் மீன் போகும். அலை கரையை அரிக்கும். முதலில் நஷ்டப்படுகிறவர்கள் அவர்கள்தான். அதே சமயம், பழியை எல்லாம் மேல்நாட்டார்மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருப்பதும் நியாயமல்ல. நிலக்கரி எரிப்பதில் நம் தேசமும் இன்று முன்வரிசையில் இருக்கிறது. சுதந்திர தேசத்தின் கௌரவம், பிறர் குற்றத்தைச் சொல்வதில் மட்டும் இல்லை. தன் வீட்டுக் கணக்கையும் பார்ப்பதில் இருக்கிறது.

நம்மால் ஆவது

கடலைக் குளிரவைக்க ஒரு ஜில்லாவாலோ ஒரு மாகாணத்தாலோ முடியாது. ஆனால் சுரக்காரனைப் பட்டினி போட்டு, வெயிலில் நிறுத்தி, அழுக்கு நீரையும் குடிக்க வைத்தால் பிழைப்பானா? அந்த அநியாயத்தைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது. சேறும் சாக்கடையும் கலந்த நீரில் பவளம் இளைக்கிறது. கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவலை அதை உடைக்கிறது. பிழைப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த ஒரு கடற்பாசி, குருசடைப் பக்கம் பவளத்தின்மேல் படர்ந்து மூச்சை அடைத்தது. இவற்றைத் தடுத்தால், வெளுத்த பவளம் தேறுவதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது.

செய்கிறவர்கள் செய்துகொண்டும் இருக்கிறார்கள். தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் பவளக் கிளைகளைச் சிறு துண்டுகளாக எடுத்து, சிமெண்டுச் சட்டங்களில் கட்டி, நாற்று நடுவதுபோல வெறுமையான இடங்களில் நட்டு வளர்க்கிறார்கள். சூட்டைத் தாங்கிப் பிழைத்தவற்றிலிருந்து நாற்று எடுத்தால் வருங்காலத்துக்கு உதவும் என்பது உலகெங்கும் ஆராய்ச்சியாளர் கொண்டுள்ள நம்பிக்கை. அரித்துத் தேய்ந்துபோன வான் தீவுக்கு முன்னால் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து மணல் மறுபடி சேரத் தொடங்கியது.

ஆனால் நாற்று நட்டால் மட்டும் போதாது. வயலில் தண்ணீர் கொதித்தால் எந்த நாற்றுத்தான் நிற்கும்? கரி எரிப்பதைக் குறைப்பதே மூல வைத்தியம். மற்றவை அதுவரையில் நோயாளியின் உயிரைப் பிடித்துவைக்கும் பத்தியம்.

மேல்சித்தாமூரில் அந்தப் பெரியவரிடம் விடைபெறுமுன், நீர் சூடானால் பவளம் வெளுத்துச் சாகும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அதற்குத் தொடுவுணர்ச்சி உண்டென்று சொன்னேனே, தம்பி, சுடுவது தெரியாமலா இருக்கும்?" என்றார்.

வருகிற சித்திரையிலும் காற்று ஓயும், கடல் கண்ணாடியாகும், மன்னார் வளைகுடாவில் சிலர் நீருக்குள் மூழ்கி, எத்தனை பவளம் பழுப்பாயிருக்கிறது, எத்தனை வெளுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். கச்சான் காற்று அந்த வருஷம் சீக்கிரம் பிறக்க வேண்டும் என்று கரையிலுள்ளவர்களோடு சேர்ந்து நாமும் விரும்புவோம். ஆனால் காற்றை மட்டும் நம்பியிருக்கும் காலம் கடந்துவிட்டது என்பதையும் நாம் உணர வேண்டும்.